கலைக் கல்லூரியில் வரலாறு படிக்க விரும்பும் வடசென்னை மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளின் மாணவர்களும் பெற்றோரும் இளங்கலை வரலாறு குறித்துக் கேட்கும் கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகளை எழுதியவர் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர் என்பதால் பாடத்தின்மீது கொஞ்சம் சாய்வு இருக்கும். படிப்பவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

வரலாறு என்றால் ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் மனப்பாடம் செய்வதுதானே? அதற்கு மூன்று ஆண்டுகள் எதற்கு?

பள்ளியில் நிலைமை பெரும்பாலும் அப்படித்தான். கல்லூரியில், குறைந்தபட்சம் நல்ல கல்லூரியில், ஒரு செய்தி நமக்கு எப்படித் தெரியவந்தது, யார் சொல்லித் தெரியவந்தது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விகளிலிருந்துதான் பாடமே தொடங்குகிறது.

நம் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலை செய்தவர்களைக் கொண்டு 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா அதன் தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவராகவும் இருந்தனர். 1921இல் இந்த ஆலைகளில் பல மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள்; அதையொட்டி மூண்ட மோதலில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் போயின. பாடநூலில் இது ஒரு பத்தியைத் தாண்டாது.

அந்த ஒரு பத்திக்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். அரசின் கோப்புகளும் காவல்துறை அறிக்கைகளும் இருக்கின்றன. அவை சட்டம் ஒழுங்கு என்ற ஒரே கண்ணால் பார்த்து எழுதப்பட்டவை. சங்கத் தலைவர்களின் பேச்சுகள் இருக்கின்றன. வேலைநிறுத்தம் உடையக்கூடாது என்ற கவலை அவற்றில் தெரியும். அரசு ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் குறைகூறினார், ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா தம் மக்களின் பக்கம் நின்று வாதாடினார். திரு.வி.க. தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டிருந்தது. எரிந்த குடிசையில் குடியிருந்தவர் தம் கையால் எழுதிவைத்தது மட்டும் ஏறக்குறைய எதுவும் இல்லை. அவருடைய தரப்பை எங்கே தேடுவது? எதிர்த்தரப்பு எழுதிய அறிக்கையின் வரிகளுக்கு நடுவிலா, இழப்பீடு கேட்ட மனுவிலா, பேரப்பிள்ளைகளின் நினைவிலா? இதை முறையாகத் தேடக் கற்றுக்கொள்ளவே மூன்று ஆண்டுகள் போதுவதில்லை.

அதே தியாகராயர்தான் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்து 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கச் செய்தவர். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரைத் தாங்கிய கல்லூரியில் உட்கார்ந்து இரண்டு செய்திகளையும் படிக்கும் மாணவருக்கு, ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்காமல் எழுதும் பழக்கம் வரவேண்டும்.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று விளம்பரம் செய்கிறார்களே, அதுவும் நம் கலை அறிவியல் கல்லூரியும் ஒன்றா?

ஒன்றல்ல, உறவு உண்டு. லிபரல் ஆர்ட்ஸ் முறையில் மாணவர் சேரும்போதே ஒரு பாடத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை. முதல் ஓராண்டு கணிதம், இலக்கியம், அறிவியல், சமூகவியல் எனப் பலவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதன்மைப் பாடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். வகுப்பு சிறியது, கட்டுரைகள் அதிகம், ஆசிரியரோடு விவாதம் அதிகம். இந்தியாவில் சோனிபட்டின் அசோகா பல்கலைக்கழகம், நம் பக்கத்தில் தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியின் கிரியா பல்கலைக்கழகம் போன்றவை இந்த வழியைப் பின்பற்றுகின்றன. அங்கு ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் இருக்கும். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள்; ஆனால் அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே விண்ணப்பிப்பது நல்லது.

நம் அரசுக் கலைக் கல்லூரியில் சேரும் நாளிலேயே நீங்கள் வரலாற்று மாணவர். இருந்தாலும் பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம், மூன்றில் வரலாறும் துணைப் பாடங்களும், பிறகு விருப்பப் பாடங்கள் என்ற அமைப்பில் பல துறைகளைத் தொடும் வாய்ப்பு இங்கும் இருக்கிறது. பொருளியலையோ அரசியல் அறிவியலையோ துணைப் பாடமாக அக்கறையோடு படித்து, தமிழ் வகுப்பில் சங்கப் பாடல்களைத் தேர்வுக்காக மட்டுமல்லாமல் சான்றாகவும் படிக்கும் மாணவர், லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுபவர் பெறும் பயிற்சியில் பெரும்பகுதியைப் பெற்றுவிடலாம் என்பது என் கருத்து. மீதிப் பகுதி, அதாவது வாரந்தோறும் கட்டுரை எழுதித் திருத்தம் வாங்குவது, இங்கே தானாகக் கிடைக்காது. ஆசிரியரிடம் கேட்டுத்தான் பெறவேண்டும். கேட்கும் மாணவரைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர்கள் மிகக் குறைவு.

எந்தக் கல்லூரிகளைப் பார்க்கலாம்?

வீட்டுக்கு அருகில் என்றால் வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பக்கம் பெண்களுக்கான பாரதி மகளிர் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி ஆகியவற்றில் தொடங்கலாம். கடைசியாகச் சொன்னதற்குக் கல்லூரியின் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருப்பதால் விம்கோ நகரிலிருந்து வருபவருக்கும் சிரமமில்லை. சற்றுத் தள்ளி 1840இல் தொடங்கிய மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி ஆகியவை உள்ளன. தாம்பரத்தின் சென்னை கிறித்தவக் கல்லூரிக்கு இங்கிருந்து தினமும் போய்வருவது களைப்பான வேலை. விடுதி கிடைத்தால் யோசிக்கலாம். பாடப்பிரிவுகளும் பயிற்றுமொழியும் மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரு வேலைநாளில் நேரில் போய், துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், நூலகத்தில் மாணவர்களே அலமாரிவரை போய்ப் புத்தகம் எடுக்கலாமா, கடந்த ஆண்டு களப்பயணமாக எங்கே அழைத்துச் சென்றார்கள் என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். கல்லூரி அலுவலகத்தில் கிடைக்கும் பதிலைவிட அது பயன்படும்.

மதிப்பெண் எவ்வளவு வேண்டும்? பன்னிரண்டில் வரலாறு படித்திருக்க வேண்டுமா?

அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையவழி விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தெரிவு செய்யலாம். தரவரிசையும் இட ஒதுக்கீடும் பார்த்துக் கலந்தாய்வு நடக்கும். அறிவியல் பிரிவில் படித்தவர்களும் வணிகவியல் பிரிவில் படித்தவர்களும் வரலாற்றில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப் பதிவியல் தெரிந்த மாணவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கால வரவு செலவு ஏடுகள் மற்றவர்களைவிட எளிதாகப் புரிவதைக் கண்டிருக்கிறேன்.

கட்டணம், உதவித்தொகை?

அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. பெரும்பாலான குடும்பங்களுக்குப் பயணச் செலவும் புத்தகச் செலவுமே முதன்மையானவை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கல்லூரி திறப்பதற்கு முன்பே இ-சேவை மையத்துக்குப் போய்ச் சரிசெய்து வைத்துவிடுங்கள்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

தமிழ் வழியில் படிப்பதில் எந்தக் குறைவும் இல்லை. தமிழில் தெளிவாக வாதம் செய்து எழுதத் தெரியாதவர் ஆங்கிலத்திலும் அதைச் செய்யமாட்டார். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் பயின்றவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடும் உண்டு.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. சென்னையின் வரலாற்றுக்கான கம்பெனி ஆவணங்களும், பெரும்பாலான ஆய்வு நூல்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். முதல் ஆண்டு முழுவதும் நாளைக்கு ஒரு பக்கம், அகராதியை அருகில் வைத்துக்கொண்டு, ஆங்கில வரலாற்று நூல் ஒன்றை வாசித்து, படித்ததை ஐந்து வரிகளில் தமிழில் எழுதி வந்தால் இரண்டாம் ஆண்டில் பயம் தெளிந்துவிடும். பேச்சு ஆங்கிலத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பது இதற்கு ஈடாகாது.

என் மகன் வரலாறு படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மாக்கள் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. இளங்கலை வரலாற்றுப் பட்டத்தை மட்டும் காட்டி உடனே வேலை வாங்குவது கடினம். இது பொருளியலுக்கும் இயற்பியலுக்கும் ஏறக்குறைய பொருந்தும். பட்டத்துக்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பதை இரண்டாம் ஆண்டுக்குள் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் இரண்டு ஆண்டு பி.எட்., பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு, அதன் பிறகு நியமனத் தேர்வு என்று வரிசை இருக்கிறது. மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டமும் வேண்டும். கல்லூரி ஆசிரியராக முதுகலையில் 55 விழுக்காடும், தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் (நெட், செட்) தேர்ச்சி அல்லது முனைவர் பட்டமும் தேவை. எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேரலாம். என் மாணவர்களில் அதில் நன்றாகத் தேறியவர்கள் உண்டு. சாட்சியத்தை எடைபோடும் பழக்கம் அங்கேயும் பயன்படுகிறது. கல்வெட்டிலும் அகழாய்விலும் ஆர்வம் உள்ளவர்கள் முதுகலைக்குப் பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பைக் குறிவைக்கலாம். கீழடி, சிவகளை அகழாய்வுகளுக்குப் பிறகு இதற்கு ஆர்வலர் கூட்டம் பெருகியிருக்கிறது, இடங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், நூலகம், சுற்றுலா, பத்திரிகை ஆகியவற்றிலும் வாய்ப்புகள் உண்டு. எண்ணிக்கையில் அவை குறைவு.

டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுக்கு உதவும் என்றுதான் வரலாறு எடுக்கிறேன். சரியா?

உதவும். குரூப் தேர்வுகளின் பாடத்திட்டத்தில் இந்திய வரலாறும் தேசிய இயக்கமும், தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் என்ற பகுதியும் உள்ளன. குடிமைப் பணித் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எழுதினால் முதன்மைத் தேர்வில் 500 மதிப்பெண்களுக்கு இரண்டு தாள்கள். ஆனால் குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். குரூப் 2க்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அந்தத் தேர்வு மட்டுமே நோக்கம் என்றால், வகுப்பில் ஆசிரியர் பேசிக்கொண்டிருக்க மேசைக்குக் கீழே கொள்குறி வினா வங்கியைப் புரட்டிக்கொண்டு மூன்று ஆண்டுகளைக் கழித்துவிடுவீர்கள். கடைசி வரிசையில் அப்படி உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களுக்குப் பட்டமும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை, தேர்வும் பெரும்பாலும் கைகூடுவதில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் பாடத்தை மட்டும் ஆழமாகப் படியுங்கள். மூன்றாம் ஆண்டில் பயிற்சித் தாள்களை எடுத்தால் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வடசென்னையில் அப்படி என்ன வரலாறு இருக்கிறது? எல்லாம் தஞ்சாவூரிலும் மதுரையிலும்தானே?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலுக்குப் போனால், ஆதிபுரீசுவரர் சன்னதியின் வெளிச்சுவரைப் பாருங்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கற்றளியாக, அதாவது கல்லாலான கோயிலாக, எடுக்கப்பட்டது அது. பின்பக்கம் வளைந்த தூங்கானை மாட வடிவம். கோயில் சுவர்களில் பல்லவர் காலத்தின் கடைசியிலிருந்து கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் பல, நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிப்பதற்காக ஆடுகள் கொடுத்த செய்தியைச் சொல்பவை. ஒரு விளக்குக்கு வழக்கமாக 90 ஆடு, சில இடங்களில் 96. ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதியிருக்கும். சாகாத, மூப்படையாத ஆடு எப்படி இருக்கும் என்று முதலாண்டு மாணவர்கள் சிரிப்பார்கள். மந்தையை ஓர் இடையர் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். அவர் நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். முதல் குறையாமல் வட்டியில் விளக்கு எரிகிறது. ஒரே வரியிலிருந்து கோயிலின் பொருளாதாரம், இடையர்களின் கடமை, அன்றைய மேய்ச்சல் நிலம் என்று மூன்று கட்டுரைகள் எழுதலாம். தேரடியில் மெட்ரோவை விட்டு இறங்கி நடக்கும் தூரத்தில் இது இருக்கிறது.

ராயபுரம் பக்கம் வந்தால், பழைய சிறைச்சாலைச் சாலையோரம் கறுப்பர் நகரத்தை (கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்) சுற்றி எழுந்த மதிலின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. பிரெஞ்சுப் படையிடமும் பின்னர் ஹைதர் அலியின் குதிரைப்படையிடமும் நகரம் பட்ட பாட்டுக்குப் பிறகு, 18ஆம் நூற்றாண்டில் பால் பென்ஃபீல்டு என்ற ஒப்பந்ததாரர் எழுப்பியது. அதன் செலவுக்காகக் குடிமக்களிடம் கேட்ட வரியின் நினைவுதான் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர். மதிலுக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதை அன்றைய வரைபடத்தில் பார்த்துவிட்டு இன்றைய தெருக்களில் நடந்து பார்க்கும் மாணவருக்கு நகர வரலாறு என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னும் இருக்கின்றன: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்ட ராயபுரம் நிலையம், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலின் குண்டுகளால் எரிந்த துறைமுக எண்ணெய்க் கிடங்குகள், 1772இல் இன்றைய வடிவம் பெற்ற அர்மீனியத் தேவாலயம், 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா. ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று ஏன் சொன்னார்கள் என்று தேடத் தொடங்கினால், 1780களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் போய் நிற்பீர்கள். மூன்றாம் ஆண்டுத் திட்டக் கட்டுரைக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று வடசென்னை மாணவர் யாரேனும் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இளங்கலை மாணவர் ஆவணக் காப்பகத்துக்குப் போகலாமா?

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் முதன்மையாக ஆய்வாளர்களுக்கானது. துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதத்தோடும் தெளிவான தலைப்போடும் அணுகுங்கள். ‘சென்னை வரலாறு’ என்று எழுதிக்கொண்டு போனால் அங்குள்ளவர்களால் உதவ முடியாது. ‘1921 பெரம்பூர் ஆலை வேலைநிறுத்தம், அரசாணைகள்’ என்று போனால் எந்தத் துறையின் அட்டவணையைப் பார்க்கலாம் என்று வழிகாட்டுவார்கள். முதலில் அட்டவணைத் தொகுதியைப் புரட்டி அரசாணை எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகே கோப்பைக் கேட்க வேண்டும். தாள்கள் பொடிந்துபோகும் நிலையில் இருக்கும்; பென்சிலால் மட்டும் குறிப்பெடுங்கள், பக்கத்தைப் புரட்ட எச்சில் தொடாதீர்கள்.

அதற்கு முன்னால் கன்னிமாரா நூலகத்திலும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் கிடைப்பவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. அச்சில் வந்ததைத் தேடிக் காப்பகத்துக்குப் போவது வீண் அலைச்சல்.

எங்கள் தாத்தா பின்னி ஆலையில் வேலை செய்தவர். அவர் சொல்வதை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஆலை 1996இல் மூடியது; அதன் சங்கொலிக்கு எழுந்து வேலைக்குப் போனவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆனால் உட்காரவைத்து ‘அந்தக் காலம் எப்படி இருந்தது தாத்தா’ என்று கேட்டால் பொதுவான பதிலே வரும். எந்தப் பிரிவில் வேலை, எத்தனை மணிக்கு ஷிஃப்ட், மேஸ்திரி யார் ஊர்க்காரர், கூலி எந்தக் கிழமை, சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று சிறு கேள்விகளாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் அனுமதியோடு பதிவு செய்து, தேதி போட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். ஆண்டுகள் தவறாக வருவது இயல்பு. அதைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். பாட்டியைத் தனியாகக் கேளுங்கள். வேலைநிறுத்த மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது, அடகுக் கடைக்கு எது போனது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பகுதி நேர வேலை செய்துகொண்டே படிக்கலாமா?

பலர் படிக்கிறார்கள். சில அரசுக் கல்லூரிகளில் காலை, மதியம் என இரண்டு சுழற்சிகள் உள்ளன; காசிமேட்டில் விடியற்காலை வேலையோ சௌகார்பேட்டைக் கடையில் மாலை வேலையோ பார்ப்பவர்கள் அதற்கேற்பச் சுழற்சியைத் தேர்ந்துகொள்ளலாம். 75 விழுக்காடு வருகைப் பதிவு குறைந்தால் தேர்வெழுத முடியாமல் போகும் என்பதால், நிலைமையை வகுப்பாசிரியரிடம் ஜூன் மாதமே சொல்லிவிடுங்கள்.

கல்லூரி திறப்பதற்கு முன் என்ன செய்யலாம்?

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல்களைத் தேர்வுப் பயமின்றி ஒருமுறை கதைபோலப் படித்துவிடுங்கள். வேறு பிரிவிலிருந்து வருபவர்களுக்கு இது கட்டாயம். அருகிலுள்ள கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். பிறகு உங்கள் தெருவின் பெயர் யாருடையது, எப்போது வந்தது, அதற்கு முன் என்ன பெயர் இருந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்று பதில்களும் ஒன்றாக இருக்காது. முதல் வாரத்து வகுப்புக்கு அந்தத் தாளையே எடுத்துவரலாம்.